வெட்டுப்படாத பிரதி

டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையர் பிரான்சில் எடுத்து, 1928ல் வெளிவந்த பேசாப்படம் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’. போர்க்களம் அதில் இல்லை. 1431ல் ரூவான் நகரில் நடந்த விசாரணையும் தீயும்தான். ஃபால்கொனெட்டி என்ற நடிகையின் ஒப்பனையற்ற, கண்ணீர் வழியும் முகத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. நம்மை உறுத்துவதோ அவரைச் சூழ்ந்த நீதிபதிகளின் முகங்கள். ஆயரும் குருக்களும் அல்லவா அவர்கள்! 1456ல் திருஅவையே அத்தீர்ப்பை ரத்து செய்தது. 1920ல் ஜோனைப் புனிதராக அறிவித்தது. ஆனாலும் இந்தப் படம் வந்தபோது, பாரிஸ் பேராயரின் வற்புறுத்தலால் சில காட்சிகள் வெட்டப்பட்டன. பிறகு மூலச்சுருளும் தீக்கிரையானது. 1981ல் ஆஸ்லோ அருகே ஒரு மனநல மருத்துவமனையில், வெட்டுப்படாத பிரதி கிடைத்தது. திரைப்பட நூற்றாண்டையொட்டி 1995ல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.