ஜேசிபி, ஹிட்டாச்சி, பொக்லைன்: மண்ணள்ளும் பொறிகளின் பெயர் வழக்கு

ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர் அந்நிறுவனத்தை விட்டு விலகி, அவ்வகைப் பொருள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராய் வழங்குவதைத் தமிழ் இலக்கணம் ஆகுபெயருள் அடக்கும். திருக்குறளைப் படித்தவர் ‘திருவள்ளுவரைப் படித்தேன்’ என்பது போலச் செய்தவர் பெயர் செய்பொருளுக்கு ஆகி வருவதைக் கருத்தாவாகுபெயர் என்பர். செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளிலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் மண்ணள்ளும் பொறிகளுக்கு வழங்கும் பெயர்கள் இதற்குத் தெளிவான சான்றாகும்.

ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்பவர் 1945இல் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரின் முதலெழுத்துகளையே தன் பெயராகக் கொண்டது. 1979இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ஹரியானாவின் பல்லப்கரில் தொழிற்சாலை அமைத்தது. டயர்களில் ஓடும் ஜேசிபிப் பொறிக்கு முன்புறம் அள்ளும் அகன்ற வாளியும் பின்புறம் தோண்டும் கையும் உண்டு. பள்ளம் பறிக்க வேண்டுமானால் ஓட்டுநர் இருக்கையைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, இருபுறமும் இரும்புக் கால்களை ஊன்றிய பிறகே கையை இயக்குவார். அக்கை ஏறத்தாழ அரைவட்டமே சுழலும். இவ்வமைப்புடைய வண்டியை யார் செய்திருந்தாலும் அது ‘ஜேசிபி’யே.

‘ஹிட்டாச்சி’ வேறு வகை. இது சங்கிலிப் பட்டைகளின் மேல் நகர்வது. ஓட்டுநர் அறையும் கையும் ஒருசேர முழுவட்டம் சுழலும். ஹிட்டாச்சி ஜப்பானில் ஓர் ஊர். அங்கு 1910இல் தோன்றிய நிறுவனத்துக்கு ஊர்ப்பெயர் ஆகி, அதன் கட்டுமானப் பொறித் துணை நிறுவனத்துடன் டாட்டா குழுமத்தின் டெல்கோ 1984இல் செய்துகொண்ட தொழில்நுட்ப உடன்பாட்டின் வழி இந்தியாவில் பரவிய பொறிக்கும் ஆகியமையால், இதனை இருமடியாகுபெயர் எனல் பொருந்தும். பக்கவாட்டில் கோமட்சு என்றோ வோல்வோ என்றோ எழுதியிருந்தாலும் வேலையிடத்தில் அது ஹிட்டாச்சிதான். மதுராந்தகம் போன்ற பெரிய ஏரியின் சேற்றுத் தரையில் டயர் புதையும் என்பதாலும், பட்டை எடையைப் பரப்பித் தாங்கும் என்பதாலும், ‘ஜேசிபி சரிப்படாது, ஹிட்டாச்சிதான் இறக்கணும்’ என்று பேசுவோர் வணிகப்பெயர்களை வைத்தே இரு பொறிகளையும் பிழையின்றிப் பிரித்தறிகின்றனர். கடலரிப்பைத் தடுக்கப் பாறை அடுக்கும் பணியிலும் இதே பாகுபாடுதான். எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் செய்து தராத இப்பாகுபாடு பெரிதும் மதிக்கத்தக்கது.

மூன்றாவதான ‘பொக்லைன்’ பேச்சைவிட நாளிதழ்களில் மிகுதி. ஜார்ஜ் பட்டாய் 1927இல் பிரான்சில் நிறுவிய பொக்லைன் நிறுவனத்தின் பொறிகளை, அதன் தொழில்நுட்பத்தைப் பெற்று லார்சன் அண்ட் டூப்ரோ இந்தியாவில் தயாரித்தது. 1977இல் அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் பங்கு வாங்கிய பின் தோண்டும் பொறிகளிலிருந்து அப்பெயர் படிப்படியாக மறைந்து, இன்று நீரழுத்தப் பொறியுறுப்புகளைச் செய்யும் நிறுவனத்தின் பெயராகவே எஞ்சியுள்ளது. ஆயினும் ஆக்கிரமிப்பு அகற்றம் பற்றிய தமிழ்ச் செய்திகளில் ‘பொக்லைன் இயந்திரம்’ தவறாமல் இடம்பெறுகிறது. வந்தது டயர் வண்டியா பட்டை வண்டியா என்பதை அச்சொல்லைக் கொண்டு அறிய இயலாது.