கோதுமை ரூபாயில் வாங்கிய புத்தகங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் வயதுக்காரர்கள் பலர் பள்ளியில் மதியம் கோதுமை உப்புமா சாப்பிட்டிருப்பீர்கள். அந்தச் சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். "அமெரிக்காக்காரன் கொடுத்தது" என்று சமையல்கார ஆயா சொல்வார். அதற்கும் நூலகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1954-ல் அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நன்கொடை. பள்ளி உப்புமா அந்த வகை. மற்றொன்று விற்பனை. நம்மிடம் டாலர் இல்லாததால் கோதுமைக்கு விலையை ரூபாயாகவே கொடுக்கலாம் என்றார்கள். 1956-ல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. அந்த ரூபாய் இங்கேயே அமெரிக்காவின் கணக்கில் சேர்ந்தது. அதை டாலராக்கிக் கொண்டுபோக முடியாது.

அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாம் என்று 1958-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1962-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் புதுதில்லியில் ஓர் அலுவலகம் திறந்தது. இந்திய மொழிகளில் புதிதாக அச்சாகும் நூல்களை ஒவ்வொன்றிலும் பல பிரதிகள் வாங்கி, சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நூல்களும் கப்பலேறின.

அதே காலத்தில் அங்கே இன்னொரு மாற்றம் நடந்தது. அதுவரை அமெரிக்காவில் சமயப் படிப்பு என்றால் பெரும்பாலும் பாதிரியார் ஆவதற்கான படிப்புதான். நூலகமும் அதற்கேற்பவே இருந்தது. பைபிள், அதற்கு உரை, திருச்சபை வரலாறு. 1963-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அரசுப் பள்ளிகளில் வழிபாடாக பைபிள் வாசிக்க வைக்கக் கூடாது; ஆனால் சமயங்களைப் பற்றிப் பாடமாகப் படிக்கத் தடையில்லை. வழிபடுவது வேறு, படித்தறிவது வேறு என்பது அந்தத் தீர்ப்பால் தெளிவானது. அதன் பிறகு அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் பெருகின.

துறை திறந்தால் போதுமா? இந்து சமயத்தையும், பௌத்தத்தையும், சமணத்தையும், இஸ்லாத்தையும் அவரவர் மொழியிலேயே படிக்க நூல் வேண்டாமா? கோதுமைப் பணம் வாங்கிக் கொடுத்த நூல்கள் அங்கேதான் பயன்பட்டன.

சமய நூலகம் என்றால் வேதமும், குர்ஆனும், பைபிளும், தேவாரமும் அடுக்கிவைப்பது என்று நான் நினைத்திருந்தேன். அவை எங்கேயும் கிடைக்கும். ஒரு ஊர் மக்கள் எப்படிக் கும்பிட்டார்கள் என்பதைச் சொல்வது வேறு வகைத் தாள்கள். தலபுராணச் சுருக்கம், கும்பாபிஷேக மலர், அம்மன் கதைப்பாட்டு, தர்கா கந்தூரி நோட்டீஸ், மாதா கோயில் நவநாள் ஜெபப் புத்தகம். இவற்றை யாரும் இரண்டாம் பதிப்பு போடுவதில்லை. போனால் போனதுதான்.

இந்தத் திட்டத்திலும் ஒரு குறை. புதிய வெளியீடுகளைத்தான் வாங்கினார்கள். 1962-க்கு முந்தையவை? அதற்கு நம் ஊர்க்காரர் ஒருவர் பதில் வைத்திருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி சுமார் 50,000 புத்தகங்களும், அதுபோக இதழ்களும் நோட்டீஸ்களும் சேர்த்தார். 1992-ல் காலமானார்.

1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை. நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், மைக்ரோபிலிம் பிரதி மட்டும் எங்களுக்குப் போதும் என்றார்கள். அப்படி உருவானதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இன்று சென்னைத் தரமணியில் இருக்கிறது. நூல் பிறந்த ஊரிலேயே இருக்க வேண்டும், உலகமும் படிக்க வேண்டும். இரண்டும் நடந்தன.

இப்போது என் கதை. அப்பா இறந்த பிறகு, 1988-ல், வீட்டைச் சுத்தம் செய்தேன். பரணில் ஒரு தகரப் பெட்டி. அவர் போன கோயில்களில் எல்லாம் வாங்கிய சிறு நூல்கள், எங்கள் ஊர் அய்யனார் கோயில் திருவிழா நோட்டீஸ்கள். சிலவற்றின் ஓரத்தில் அப்பாவின் பென்சில் குறிப்புகள். யார் வீட்டு மண்டகப்படி, எந்த வருஷம் தேர் நின்றுபோனது என்றெல்லாம் எழுதியிருந்தார். கரையான் அரித்த குப்பை என்று எடைக்குப் போட்டேன். அந்தக் காசில் சுண்ணாம்பு வாங்கி வீட்டுக்கு வெள்ளை அடித்தேன்.

போன வருஷம் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். எங்கள் ஊர்த் தேர் ஏன் நின்றது என்று கேட்டார். "அப்பா எழுதி வைத்திருந்தார் அம்மா" என்றேன். "பார்க்கலாமா சார்?" என்றார். என்ன சொல்வது? முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கிழிக்காதே என்று சொன்னவன் நான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். எந்தச் சமயமானாலும் சரி, எடைக்குப் போடும் முன் ஒரு நாள் உட்கார்ந்து புரட்டுங்கள். கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஏதாவது ஒரு நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று இங்கே எழுதுங்கள், எல்லோரும் தெரிந்துகொள்வோம்.