தலைக்கா, தாளிப்புக்கா?

நாங்குநேரிக்காரர்களுக்கு எண்ணெய் என்றால் முதலில் கோயில்தான் நினைவுக்கு வரும். வானமாமலைப் பெருமாளுக்கு, அதாவது தோத்தாத்ரிநாதருக்கு, தினமும் எண்ணெய்க் காப்பு உண்டு. திருமேனியில் சாத்திய எண்ணெயைக் கோயிலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணற்றில் சேர்த்து வைக்கிறார்கள். மருந்து என்ற நம்பிக்கையில் வெளியூர்களிலிருந்தும் வந்து வாங்கிப் போகிறார்கள். தை அமாவாசைக்கு ஒரு கோட்டை எண்ணெய்க் காப்பு நடக்கும். நெல்லுக்குச் சொல்லும் கோட்டைக் கணக்கு எங்கள் ஊரில் எண்ணெய்க்கும் உண்டு.

அந்த எண்ணெய் நல்லெண்ணெய். வீட்டிலும் அதற்குத்தான் முதல் மரியாதை. குழம்புக்கும் தோசைக்கும் உளுந்தங்களிக்கும் நல்லெண்ணெய், பலகாரம் சுடக் கடலை எண்ணெய், தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் மூன்றுக்கும் மூன்று இடம். தேங்காய் எண்ணெய்ப் புட்டி அடுப்படியில் இருக்காது. கூடத்தில், கண்ணாடிக்கும் சீப்புக்கும் பக்கத்தில் இருக்கும். அது அங்கிருந்து அடுப்படிக்கு வந்த கதையைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

ஊரிலிருந்து தெற்கே வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேரும் வரை அந்தப் பக்கம் வேறு ராஜ்யம். மன்னர் காலத்தில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. எல்லைக் கோட்டை அழித்துவிட்டார்கள், சமையல் கோடு அழியவில்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் தாளிக்க, பொரிக்க, வதக்க எல்லாம் தேங்காய் எண்ணெய். இந்தப் பக்கம் அது தலைக்கு.

அந்தக் கோட்டை எங்கள் வீட்டில் அழித்தவள் என் சித்தி. அறுபதுகளின் தொடக்கத்தில் கோட்டாற்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த வாரமே கீரைக் கூட்டுக்குத் தேங்காய் எண்ணெயில் தாளித்துவிட்டாள். ஆச்சிக்கு வாசம் கூடம் வரைக்கும் வந்துவிட்டது.

“ஏளா, தலையில தேய்க்கிறத வாயில ஊத்துதியே!”

“எங்க ஊர்ல இதுதான் அத்தை எண்ணெய். நல்லெண்ணெயத்தான் நாங்க மருந்து மாதிரி வச்சிருப்போம்.”

இதில் வேடிக்கை என்னவென்றால், தேங்காய் எங்களுக்கு அந்நியமே இல்லை. மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப் பாலில் சொதி வைக்கிற சீமை இது. அவியலுக்கும் துவையலுக்கும் தேங்காய் இல்லாமல் முடியாது. பாலாகவும் பூவாகவும் சாப்பிடலாம், எண்ணெயாக மட்டும் ஆகாது என்பதற்கு ஆச்சியிடம் ஒரு காரணமும் கிடையாது. பழக்கம்தான். அவியலை இறக்கியதும் சித்தி ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடி வைத்தாள். அன்றைக்கு ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். புட்டி கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போனது.

ஆச்சியும் சித்தியும் போட்ட இதே சண்டை பல வருஷங்கள் கழித்து டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போகும் என்று யார் நினைத்தார்கள்? சேலம் மத்திய கலால் ஆணையர் ஒரு பக்கம், மதன் அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி மறுபக்கம். சின்னப் புட்டியிலும் பாக்கெட்டிலும் அடைத்து விற்கிற தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் தைலமா என்பதுதான் வழக்கு. அப்போது சமையல் எண்ணெய் என்றால் வரி குறைவாக இருந்தது, தலைக்கு என்றால் அதிகமாக இருந்தது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு அதுவே 2025 செப்டம்பர் வரை 5 சதவீதம், 18 சதவீதம் என்று இருந்தது. 2018 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் விசாரித்து ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி ரஞ்சன் கோகோய் சமையல் எண்ணெய் என்றார், நீதிபதி பானுமதி சின்னப் புட்டி என்றால் தலைக்குத்தான் என்றார். ஆச்சி ஒரு கட்சி, சித்தி ஒரு கட்சி! கடைசியில் 2024 டிசம்பர் 18 அன்று தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா தலைமையில் மூன்று நீதிபதிகள், கூந்தலுக்கு என்று சொல்லி விற்காத வரை அது சமையல் எண்ணெய்தான், புட்டியின் அளவை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது என்று தீர்த்து வைத்தார்கள். சித்தி கட்சி ஜெயித்தது.

கடையில் விற்கும் பெரும்பாலான நீலப் புட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். சைவ உணவுக்கான பச்சைப் புள்ளியும் உணவு உரிம எண்ணும் அச்சடித்திருக்கும். தலைக்கு வாங்குகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, சமையலுக்கு ஆகும் என்றாகிவிட்டது. அது அசல் எண்ணெயா என்பது அடுத்த கேள்வி. சித்தி காலத்தில் அந்தக் கேள்வி எழவே இல்லை. காரணம், செக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. வீட்டுத் தேங்காயை உடைத்து, முற்றத்தில் ஒரு வாரம் போல வெயிலில் காயப்போட்டு, கொப்பரை ஆனதும் சாக்கில் கட்டிக்கொண்டு போவோம். கொப்பரையைக் கையால் ஒடித்துப் பார்ப்பார் செக்குக்காரர். சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் காயட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும், எண்ணெயும் சீக்கிரம் காறிப் போகும். இன்றைக்கு மில்காரர்கள் ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதை அவர் விரலால் பார்த்தார்.

மாடு சுற்றும், உலக்கை நெரிக்கும், நாங்கள் பையன்கள் புண்ணாக்குக்குக் காத்திருப்போம். சூடாக இருக்கும்போது தேங்காய்ப் புண்ணாக்குக்கு ஒரு தித்திப்பு உண்டு. மாட்டுக்கு வைத்தது போக எங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும். நன்றாகக் காய்ந்த கொப்பரையில் எடைக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் எண்ணெய் உண்டு. மாட்டுச் செக்கு அதை முழுதாக எடுக்காது, மிச்சம் புண்ணாக்கில் போகும். அந்தப் புண்ணாக்கின் ருசிக்குக் காரணம் செக்கின் திறமைக் குறைவுதான்! (செக்கு என்றால் வ.உ.சி. நினைவு வராமல் இருக்குமா? கோவைச் சிறையில் மாட்டின் இடத்தில் அவரைப் பூட்டினார்கள். எங்கள் செக்கடியில் பெரியவர்கள் அந்தப் பேச்சை எடுக்காத நாள் குறைவு.)

எழுபதுகளில் மாட்டுச் செக்கு நின்றது. கரண்டில் ஓடும் மில் வந்தது. 1981-ல் திருநெல்வேலி - நாகர்கோவில் ரயில் ஓட ஆரம்பித்து எங்கள் ஊருக்கும் ஸ்டேஷன் வந்த பிறகு, சித்தி வீட்டார் வரும்போதெல்லாம் ஒரு தூக்குவாளி எண்ணெயும் வந்து இறங்கும். அதே காலத்தில்தான் பயமும் வந்தது. டாக்டர்கள் தேங்காய் எண்ணெயை விடுங்கள், கொழுப்பு என்றார்கள். அமெரிக்காவில் ஒமாஹா நகரத்து வியாபாரி பில் சோகோலோஃப், தனக்கு மாரடைப்பு வந்த பிறகு, 1988-ல் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, பிஸ்கட்டிலும் தின்பண்டத்திலும் தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் போடுகிற கம்பெனிகளைப் பெயர் சொல்லிச் சாடினார். கம்பெனிகள் எண்ணெயை மாற்றின. மாற்றாகப் பல இடங்களில் வந்தது ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய். நம் ஊரில் 1937-லிருந்து டால்டா என்ற பெயரில் தெரிந்த அதே ஜாதி. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்கு இன்னும் கெடுதல் என்பது பிறகு தெரிந்தது. நம் மாநிலத்தில் 2007-லிருந்து ரேஷனில் பாமாயில். தென்னை விவசாயிகள் அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பது நியாயம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் விலை வித்தியாசத்தை யார் தாங்குவது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இந்த விலை வித்தியாசம்தான் கலப்படத்துக்கும் வேர். 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கலப்படம் என்று சொல்லி நாற்பதுக்கும் மேற்பட்ட பிராண்டுகளை ஒரே தடவையில் தடை செய்தது. தேங்காய் எண்ணெயே உயிர் என்கிற ஊரில் இந்த நிலை.

நண்பர்கள் பலர் ஃபிரிட்ஜ் சோதனையை நம்புகிறார்கள். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் அசல் உறையும், கலப்படம் தனியாகத் தெளிந்து நிற்கும் என்பார்கள். நான் வேதியியல் வாத்தியாராக இருந்தவன், ஆகையால் ஒரு வார்த்தை. உறையாத எண்ணெய் ஏதாவது நிறையக் கலந்திருந்தால் அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கலாம். ஆனால் பனங்கொட்டை எண்ணெய், அதாவது பாமாயில் எடுக்கும் அதே பழத்தின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய், தேங்காய் எண்ணெயின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதிலும் லாரிக் அமிலம்தான் அதிகம். ஃபிரிட்ஜில் அதுவும் உறைந்து வெள்ளையாக நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருக்கும். பிரித்துக் காட்டுவது ஆய்வகம்தான். அசல் தேங்காய் எண்ணெயின் அயோடின் எண் 7.5 முதல் 10 வரை, பனங்கொட்டை எண்ணெய்க்கு அதைவிட நன்றாகக் கூடுதல். அதனால்தான் சொல்கிறேன், ஃபிரிட்ஜைவிடப் பக்கத்துச் செக்கு மேல். நேரில் நின்று பார்க்கலாம். கொப்பரையை மோந்து பார்த்தால் கந்தகப் புகை போட்டதா என்றும் தெரியும். லிட்டர் விலையைக் கொப்பரை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொப்பரைக்கே கட்டாத விலைக்கு எண்ணெய் கொடுக்கிறார் என்றால், அண்ணாச்சி தர்மம் செய்யவில்லை.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. தேங்காய் எண்ணெய் குடித்தால் ஞாபக மறதி போகும், தைராய்டு போகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. எண்பதுகளின் பயம் ஒரு கோடி, இது மறு கோடி. இதன் கொழுப்பில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. 2017-ல் அமெரிக்க இருதயச் சங்கம் இதைப் பரிந்துரைக்கவில்லை என்றே சொன்னது. 2020-ல் சர்க்குலேஷன் என்ற மருத்துவ இதழில் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் சுமார் 10 புள்ளியும் நல்ல கொலஸ்ட்ரால் 4 புள்ளியும் கூடியது. விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை. இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளட்டும். நம் முன்னோர் சாப்பிட்டார்களே என்பவர்களுக்கு ஒன்று: அவர்கள் வயலுக்கும் குளத்துக்கும் நடந்தார்கள், வீட்டில் எண்ணெயை ஆழாக்கில் அளந்து மாதத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நானும் மனைவியும் மட்டும். இரண்டு பேருக்கும் மாதம் ஒன்றரை லிட்டர் எண்ணெய், அதில் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர். மிச்சம் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். ஒரே எண்ணெயாக இல்லாமல் மாற்றி மாற்றி வைப்பது நல்லது என்று சத்துணவுக்காரர்கள் இப்போது சொல்வதும் இதைத்தான். பொரிக்க நாங்கள் தேங்காய் எண்ணெய் வைப்பதில்லை. செக்கு எண்ணெய் 175 டிகிரி பக்கத்திலேயே புகையும், பொங்கி நுரைக்கும். அவியல், கூட்டு, கீரை, மோர்க்குழம்பு இவற்றுக்குக் கடைசியில் பச்சையாக ஒரு கரண்டி, அவ்வளவுதான். வாசம் போகாமல் இருப்பதால் கொஞ்சமே போதும். வாங்கிய எண்ணெயை இரண்டு நாள் தெளியவிட்டு, அடியில் மண்டியைத் தள்ளிவிட்டு, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தால் இரண்டு மாதம் காறாமல் இருக்கும். ஈரக் கரண்டி மட்டும் அதில் படக்கூடாது. மார்கழியில் உறைந்து போனால் அடுப்பில் வைக்க வேண்டாம், காலை வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் இளகிவிடும்.