பட்டம் ஒரு சாட்சியம்

கி.பி. 1179-ஆம் ஆண்டில் உரோமையில் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கத்தின் ஆணைகளுள் நாம் அதிகம் பேசாத ஒன்று கல்வியைப் பற்றியது. கற்பிக்கும் உரிமத்தை வழங்க எவரும் பணம் பெறலாகாது. தகுதியுடையவருக்கு அதனை மறுக்கவும் கூடாது என்று சங்கம் விதித்தது. ஏழை மாணவருக்கு இலவசமாகக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பேராலயம்தோறும் மானியம் வழங்குமாறும் பணித்தது. உரிமம் விற்கப்பட்டதால்தான் இவ்வாணை தேவைப்பட்டது. அக்குறை திருச்சபையின் கல்விக்கூடங்களிலேயே இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

உரிமத்தை விற்பது ஏன் குற்றமாயிற்று? 'இவர் கற்றிருக்கிறார், இதை நாங்கள் அறிவோம்' என்று கற்றோர் அவை ஊரார்முன் சொல்லும் சாட்சியமே பட்டம். அதனை விற்பவர் பொய்ச்சாட்சியை விற்கிறார்.

நம் நாட்டில் இச்சாட்சியம் வேறொரு வடிவில் வந்தது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவை தொடக்கத்தில் வகுப்பு நடத்தவில்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் அளித்தது. 1858-இல் கல்கத்தாவில் நடந்த முதல் இளங்கலைத் தேர்வில் எவரும் முழுமையாகத் தேறவில்லை. ஐந்து பாடங்களில் நன்கு தேறி, ஆறாவதில் 7 மதிப்பெண்ணுக்கு மேற்படாமல் குறைந்திருந்த இருவருக்கு மட்டும் சிறப்புச் சலுகையாகப் பட்டம் தரப்பட்டது. அவர்களுள் ஒருவர், பின்னாளில் 'வந்தே மாதரம்' இயற்றிய பங்கிம் சந்திரர். அன்றும் சலுகை இருந்தது. ஆனால் அது சலுகை என்றே ஏட்டில் எழுதப்பட்டது. தரம் என்பது கடுமை மட்டுமன்று, உண்மையும்கூட என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

எனினும் அவ்வமைப்பிலேயே ஒரு பிளவு இருந்தது. கற்பிப்பவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர். பட்டமோ அரசுப் பணிக்கு நுழைவுச்சீட்டாயிற்று. நாளடைவில் கல்வியைக் காட்டிலும் அதன் முத்திரை பெரிதாயிற்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக்குழு, ஒரே ஒரு சீர்திருத்தம்தான் கூறலாம் என்றால் தேர்வுமுறையையே சீர்திருத்தச் சொல்வோம் என்று 1949-இல் அறிவித்தது. விடுதலையின்போது ஏறத்தாழ 20 ஆக இருந்த பல்கலைக்கழகங்கள் இன்று ஆயிரத்தைக் கடந்துவிட்டன. அக்குழு சுட்டிய நோயும் உடன் வளர்ந்தது.

2002-இல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர்மீது, பிறர் ஆய்வுக் கட்டுரையைத் தம் பெயரில் வெளியிட்டதாகப் புகார் எழுந்தது. அமெரிக்க அறிஞர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே எழுதினர். விசாரணைக்குப்பின் 2003-இல் அவர் பதவி விலகினார். 2018 பிப்ரவரியில், உதவிப் பேராசிரியர் பணிக்கு இலஞ்சம் பெற்றார் என்ற குற்றச்சாட்டில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கைதானார். அதே ஆண்டில், விடைத்தாள் மறுமதிப்பீட்டில் பணம் பெற்று மதிப்பெண் கூட்டியதாக அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி உள்ளிட்ட 10 பேர்மீது வழக்குப் பதிவாயிற்று. கற்பிக்கும் பணிக்கு விலை என்ற 1179-ஆம் ஆண்டின் குற்றமே இங்கும் பேசப்பட்டது.

மனிதரின் பேராசையை மட்டும் பழித்துவிட்டு நாம் அமைய முடியாது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணிப் புள்ளி வழங்கும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கொணர்ந்தது. எண்ணிக்கை கேட்கப்பட்டது, எண்ணிக்கை கிடைத்தது. பணம் கொடுத்தால் எதையும் அச்சிடும் ஆய்விதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் அக்குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. மறுபுறம், நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் குறைந்த ஊதியத்திற்குப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். ஆசிரியரை மலிவாக்கிவிட்டு அறிவை மட்டும் உயர்வாக எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இதில் மிகுதியாக இழப்பவர் யார்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு உறவும் செல்வாக்கும் உண்டு. தன் குலத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் கூலித் தொழிலாளியின் மகளுக்கோ அந்தப் பட்டம் ஒன்றே கைம்முதல். அவள் கண்விழித்துக் கற்றுப் பெற்ற தாளும், மற்றொருவர் விலைக்கு வாங்கிய தாளும் ஒரே முத்திரை தாங்குமாயின், உலகம் இரண்டையும் ஐயுறும். போலிப் பட்டம் அவளிடமிருந்து திருடுகிறது.

ஆகவே இது பேராசிரியர்களின் சிக்கல் மட்டுமன்று. ஆய்வேட்டைப் பணம் கொடுத்து எழுதி வாங்குவதை 'எல்லாரும் செய்வதுதானே' என்று நாம் வீட்டில் சொல்லும்போது, விலை கேட்பவருக்கு நாமே கடை விரித்துத் தருகிறோம். நம் சபையினர் நடத்தும் கல்லூரிகளும் இக்கேள்விக்கு விலக்கல்ல. குறைந்த மதிப்பெண்ணோடு வீடு திரும்பும் பிள்ளையை, அது உண்மையாகப் பெற்ற மதிப்பெண் என்பதற்காகவே மதிக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். சட்டங்கள் வரும், குழுக்களும் வரும். வாங்குவோர் இல்லாத இடத்தில்தான் பொய்ச்சாட்சி விலைபோகாது.