சர்ப்பகந்தி வேரும் ரத்த அழுத்தமும்

சர்ப்பகந்தி, இமயமலை அடிவாரத்திலிருந்து கேரளம், இலங்கை வரை ஈரப்பாங்கான காட்டு நிழலில் வளரும் சிறு செடி. பாம்புக்கடி, காய்ச்சல், தூக்கமின்மை, சித்தப்பிரமை ஆகியவற்றுக்கு அதன் கசப்பான வேரை நாட்டு வைத்தியர்கள் பொடித்துக் கொடுத்துவந்தனர். பீகாரில் அது பைத்திய மருந்து என்றே அறியப்பட்டது.

இந்த வேர் ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஆண்டு 1931. டெல்லி ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகியும் ரஃபத் ஹுசைன் சித்திகியும் வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு, கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சீராக்கும் மருந்தாக அது பின்னாளில் பயன்பட்டது; புருகாடா நோய்க்குறி எனும் இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டறியும் சோதனையில் இன்றும் ஏற்றப்படுகிறது. அதே ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், வேர்ப்பொடி மனநோயைத் தணிப்பதோடு உயர் ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர்.

அக்காலத்தில் உயர் ரத்த அழுத்தத்துக்கு நம்பகமான மாத்திரை கிடையாது. ஓய்வு, உப்பில்லாப் பத்தியம், சிம்பதெடிக் நரம்புகளை வெட்டியெடுக்கும் அறுவைச் சிகிச்சை, 1940-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் புகுத்திய சோறும் பழமும் மட்டுமான உணவு ஆகியவையே கைவசம் இருந்த வழிகள். இந்நிலையில், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 50 நோயாளிகளுக்கு வேர் மாத்திரை கொடுத்துக் கண்ட பலனை 1949-இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ வெளியிட்டது. பெரும்பாலோருக்கு அழுத்தம் இறங்கியிருந்தது. இந்திய வைத்தியர்கள் மட்டும் அறிந்திருந்த வேர் மேலைநாட்டு மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது இந்தக் கட்டுரையால்தான். வகீலுக்கு 1957-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் எது என்பது அதுவரை பிடிபடவில்லை. படிகமாகப் பிரித்த ஆல்கலாய்டுகளில் வேரின் அமைதிப்படுத்தும் குணம் காணப்படவில்லை. எஞ்சிய பிசின் பகுதியில் அது இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர சிபா நிறுவனத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோர் அந்தப் பிசினையே ஆராய்ந்து 1952-இல் ரெசர்பினைப் பிரித்தனர். 1956-இல் ஆர். பி. உட்வர்ட் அதை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகத் தொகுத்தார். மூலக்கூறில் அணுக்களின் திசையமைப்பு சரியாக அமைய வேண்டிய மையங்கள் ஆறு இருந்ததால், கரிம வேதியியலில் அது பெரிய சாதனையாகக் கருதப்பட்டது.

ரெசர்பின் வேலை செய்யும் இடம் நரம்பு முனை. அங்கே, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புச் செய்திப் பொருளான நார்அட்ரினலின் நுண்பைகளுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் பைக்குள் ஏற்றும் புரதத்தை ரெசர்பின் மீளாதபடி அடைத்துவிடுகிறது. வெளியே தங்கும் நார்அட்ரினலினை மோனோஅமீன் ஆக்சிடேஸ் நொதி சிதைக்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, நாடித்துடிப்பு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. நரம்பு புதிய பைகளை உண்டாக்கும்வரை, மருந்தை நிறுத்திய பின்னும் இந்த விளைவு பல நாள் நீடிக்கும்.

மூளையில் செரடோனினும் டோபமினும் இவ்வாறே வற்றுகின்றன. சோர்வு, மூக்கடைப்பு ஆகியவற்றோடு, அதிக அளவில் கொடுத்தபோது மனச்சோர்வும் ஏற்பட்டதாக மருத்துவர்கள் தெரிவித்தனர். ஆனால் இந்தக் குறையே ஒரு கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது. 1957-இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, மூளையில் டோபமினாக மாறும் எல்-டோபாவை ஊசி வழியே செலுத்தினார்; அவை எழுந்து நடமாடின. பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சை இதிலிருந்து பிறந்தது. கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுப்பது உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு 1967-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு பதில் சொன்னது. கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் அதில் பங்கேற்றனர். போலி மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது. ரெசர்பின், ஹைட்ராலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு மூன்றும் பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே.

1974-இல் ‘லான்செட்’ இதழில் வந்த மூன்று ஆய்வுகள் ரெசர்பினை மார்பகப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தின. பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் பீட்டா தடுப்பான்களும், பின்னர் ஏசிஇ தடுப்பான்களும் வந்ததால் அதன் பயன்பாடு சுருங்கியது. வேருக்காகச் செடியையே பிடுங்கியதால் காட்டில் சர்ப்பகந்தி அருகியது. 1990-இல் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது சேர்க்கப்பட்டு, அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது.