கிரகணக் கணக்கிலிருந்து ஈர்ப்பு விதிக்கு: யாழ்ப்பாணத்தில் விண்ணியக்கவியல்

1829 மார்ச் மாதச் சந்திரகிரகணம் யாழ்ப்பாணத்தின் அறிவு வரலாற்றில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் சம்பவம். அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் விசுவநாத சாஸ்திரியார் கிரகண நேரத்தைக் குறித்திருந்தார். அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரி அதிபர் டானியல் பூவர் தாமும் கணித்துப் பார்த்து, சாஸ்திரியாரின் கணக்குப் பிசகு என்றார். எமேர்சன் ரெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலின்படி, தொடக்க நேரத்தில் கால் மணித்தியாலம், நீடிக்கும் நேரத்தில் 24 நிமிடம், மறைப்பின் அளவில் மூன்று அங்குலம், அதாவது சந்திர விட்டத்தில் காற்பங்கு வித்தியாசம். அன்றிரவு வானம் பூவரின் பக்கம் நின்றது. மிஷன் தரப்பு இதைப் புராண உலகப்படத்தின் தோல்வி என்று எழுதி வைத்தது. பின்வந்த நம்மவரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். அந்த முடிவு அவசரமானது.

முதலில் பிழையின் அளவைப் பார்ப்போம். சூரியனோடு ஒப்பிட்டால் சந்திரன் மணிக்கு ஏறத்தாழ 30 கலை முந்துகிறது. கால் மணித்தியாலப் பிழை என்பது 8 கலைக்கும் உட்பட்டது. 1825இல் புதுச்சேரியில் ஜோன் வாரன் என்ற அதிகாரி, தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளை வைத்து மனப்பாடமான எண்களால் கிரகணம் கணிப்பதை நேரில் பார்த்துப் பதிவு செய்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகின. சாஸ்திரியாரின் பிழையும் ஏறக்குறைய இந்தத் தரத்ததே.

இப்படி மனப்பாடத்தால் கணிக்கும் வாக்கிய முறையின் அடித்தளம் 248 நாட்கள். சந்திரன் பூமிக்கு அண்மையில் விரைந்தும் தொலைவில் தயங்கியும் செல்லும். அண்மைநிலையிலிருந்து மறுபடி அண்மைநிலைக்கு வர 27.55 நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாள் கச்சிதமாகப் பொருந்துகிறது. நாளுக்கொரு வாக்கியமாக, எழுத்துகளே எண்களாக, அந்த ஏற்றத்தாழ்வு முழுவதையும் மனத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதன் உச்சம் இந்திய மரபில் ஏறத்தாழ 5 பாகை; நவீன அளவு 6.3. இந்த வித்தியாசத்தையும் பிழைக் கணக்கில் சேர்ப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. சூரியனின் ஈர்ப்பு குறுக்கிடுவதால் சந்திரனுக்கு 1.3 பாகையளவில் இன்னோர் அசைவும் உண்டு. பூரணையிலும் அமாவாசையிலும் அது முதலாவதைக் குறைத்துவிடும். 6.3இல் 1.3 போக மிச்சம் 5. கிரகணங்களைக் கொண்டே கணக்கைச் சரிபார்த்த மரபுக்கு அந்த மிச்சந்தான் கிடைக்க முடியும். சூரிய ஈர்ப்பின் விளைவு பெயரில்லாமலே வாக்கியத்துக்குள் இருந்தது.

வாக்கியத்தில் இல்லாதிருந்தது காரண விளக்கம். சந்திரன் ஒரு செக்கனில் ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. தடுப்பார் இல்லையென்றால் சடத்துவத்தால் நேர்கோட்டிலேயே போய்விடும். அதே செக்கனில் அது பூமியை நோக்கி 1.4 மில்லிமீற்றர் விழுகிறது. ஓட்டமும் விழுகையும் சேர்ந்ததே ஒழுக்கு. பூமியின் மேற்பரப்பில் கைவிட்ட பொருள் முதற் செக்கனில் விழுவது 4.9 மீற்றர், ஏறத்தாழ 3600 மடங்கு. சந்திரனோ 60 பூமி ஆரைத் தொலைவில் இருக்கிறது, 60இன் வர்க்கம் 3600. நியூட்டனின் நேர்மாறு வர்க்க விதிக்கு இந்த ஒப்பீடே உரைகல். முற்றத்தில் நின்று கிரகணம் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் புலப்பட்டிருக்க வழியில்லை. யார் சொன்ன நேரம் சரி என்பது மட்டுமே அங்கே தீர்ந்தது.

காரணத்தைப் பேசுவதற்கான கணிதம் மெல்லத்தான் வந்தது. 1836இல் பூவருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் இந்தியச் சித்தாந்த வானியலை மதித்துக் கற்று, 1848இல் மொழிபெயர்ப்பும் விளக்கமுமாக யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளையின் தமிழ் ‘வீசகணிதம்’ 1855இல் வெளிவந்தது. செமினரி மூடப்பட்டதும் அதே ஆண்டில். அதையடுத்து அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். பின்னர் யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அலன் ஆபிரகாம், 1910இல் ஹலியின் வால்வெள்ளி வந்த காலத்தவர். அரச வானியற் கழக உறுப்பினர். அந்த வால்வெள்ளியின் முந்தைய வருகை ஒன்று வியாழனாலும் சனியாலும் 618 நாள் தாமதிக்கும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணிதர் கிளெரோ கணித்திருந்தார். வாக்கியத்தால் எட்ட முடியாத இடம் அது.

காரணத்தைத் தேடும் அந்த வழியில், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்த கி. ஜெ. எலியேசர், 1943இல் இதே நேர்மாறு வர்க்க விதிக்கு உட்பட்ட மின் ஈர்ப்பை ஐதரசன் அணுவுக்குள் எடுத்துக்கொண்டார். கதிர்வீச்சால் சக்தி இழக்கும் இலத்திரன் கருவில் போய் விழ வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. டிராக்கின் சமன்பாட்டின்படி நேராகக் கருவை நோக்கி வரும் இலத்திரன் அதைத் தொடாமலே திரும்பி விலகும் என்று அவர் காட்டினார். விலகும்போது வேகமும் கூடிக்கொண்டே போகும். கோளாறு இலத்திரனில் அல்ல, சமன்பாட்டில். 1976இல் கிரே என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், காலத்தோடு மாறும் அலையியின் மாறாக் கணியம் ஒன்றைத் தளத்தில் சுற்றும் துணிக்கையின் கோண உந்தமாக விளக்கினார். சம காலத்தில் சம பரப்பு என்ற கெப்ளரின் விதிக்கு, ஆகவே சந்திரன் அண்மையில் விரைவதற்கும் தொலைவில் தயங்குவதற்கும், அடியில் இருப்பதும் கோண உந்தம் மாறாமையே.