ஒரே இலக்கத்தில் இரு கார்கள்

2003ஆம் ஆண்டு லண்டனில் வசிக்கும் என் மருமகனுக்கு ஒரு தண்டப்பண அறிவித்தல் வந்தது. குறிப்பிட்ட தினத்தில் அவருடைய கார் வீட்டு வாசலில் நின்றது. ஆனால் படத்தில் இருந்ததோ அவருடைய இலக்கம். வகையும் நிறமும்கூட அவருடைய காருக்குரியவையே.

பிரித்தானியாவில் கார்களுக்கு இலக்கத் தகடு கட்டாயமானது 1904 ஜனவரி 1ஆம் திகதி. அதற்கு வழிசெய்த 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டமே வேக எல்லையை மணிக்கு 20 மைலாகவும் உயர்த்தியது. இலக்கத்தைப் போலியாகச் செய்வதையும், மோசடியாக இரவல் கொடுப்பதையும் அதே சட்டம் குற்றமாக்கியிருந்தது. ஆக, இந்தக் களவைச் சட்டமியற்றியோர் அன்றே எதிர்பார்த்திருக்கிறார்கள்!

அவர்கள் எதிர்பாராதது கமராவை. வீதியில் நின்ற பொலிஸ்காரர் காரையும் சாரதியின் முகத்தையும் கண்டார். 2003 பெப்ரவரி 17ஆம் திகதி மத்திய லண்டனில் நாளொன்றுக்கு 5 பவுண் நெரிசல் கட்டணம் தொடங்கியபோதோ, கமரா வாசித்தது தகட்டை மட்டுமே. காரின் மெய்யான அடையாளமாகிய செசி இலக்கம் எந்தப் படத்திலும் விழுவதில்லை. அவ்வாண்டு ஜனவரி முதல் தகடு வாங்குவோர் கடையில் ஆவணங்கள் காட்ட வேண்டியிருந்தது உண்மைதான். கள்ளத் தகடு செய்பவன் அந்தக் கடைக்கு ஏன் போகிறான்?

நிரபராதி என்று நிரூபிக்கும் சுமை மருமகன் தலையில் விழுந்தது. தன் காரைப் படமெடுத்து, முன் பம்பரில் இருந்த பழைய நெளிவு கமராப் படத்தில் இல்லை என்று சுட்டிக்காட்டினார். மூன்று கடிதங்களின் பின் அறிவித்தல் ரத்தானது.

காரை விற்கும்வரை அந்த நெளிவை அவர் திருத்தவேயில்லை.